ரபியுதீன் அகமது

ரபியுதீன் அகமது (டிசம்பர் 24, 1890 - பெப்ரவரி 9, 1965) ஓர் இந்தியப் பல் மருத்துவர், ஆசிரியர், இதழாசிரியர், அரசியல்வாதி ஆவார். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) நிறுவியவர் இவரே. இதனால் நவீன இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். டாக்டர் ஆர். அகமது என்ற பெயராலும் பரவலாக அறியப்படுகிறார். மேற்கு வங்காள அரசில் அமைச்சராகவும் பணியாற்றினார். 1964 இல் இவருக்கு பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. இவரது பிறந்த நாளான டிசம்பர் 24 இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவர் தமது தொழில் வாழ்வின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிறுவர்களுக்கென்றே அமைந்த பல் மருத்துவமனையொன்றில் பணிபுரிந்தார். பல் வலித்த பின்னர் அதைப் பிடுங்குவதே வைத்தியம் என்றிருந்த ஒரு நாட்டிற்கு, பல்லைக் காப்பதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு கல்வி என்பதை நிறுவிக் காட்டியதே இவரது வாழ்க்கைப் பணியாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

ரபியுதீன் அகமது 1890 டிசம்பர் 24 அன்று கிழக்கு வங்காளத்தில் பர்தன்பாரா என்னும் ஊரில் பிறந்தார். இப்பகுதி இன்று வங்காளதேசத்தில் உள்ளது. பள்ளிப்படிப்பை டாக்காவில் முடித்தபின் அலிகாரில் பயின்று 1908 இல் பட்டம் பெற்றார். அவர் பயின்ற முகமதிய ஆங்கிலோ கீழைக் கல்லூரியே பின்னாளில், 1920 இல், அலிகார் முசுலிம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

பல் மருத்துவம் கற்பதற்கு அக்காலத்தில் இந்தியாவில் ஒரு கல்லூரி கூட இருக்கவில்லை. எனவே அகமது அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் சென்று அயோவா பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1915 ஆம் ஆண்டில் அங்கே பல் அறுவை மருத்துவப் பட்டம் பெற்றார். அப்போது முதலாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. அவர் அமெரிக்காவிலேயே தங்கிப் பணியாற்றினார்.

பாஸ்டன் சிறுவர் பல் மருத்துவமனை

அகமது 1918 வரை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் இருந்த போர்சித் சிறுவர் பல் மருத்துவமனையில் பணிபுரிந்தார். இம்மருத்துவமனை போர்சித் குடும்பத்துச் சகோதரர்களின் நன்கொடையால் 1910 இல் நிறுவப்பட்டு, 1914 இல் சிறுவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நகரின் ஏழைக் குழந்தைகளுக்குப் பல் சிகிச்சை அளிப்பதே அதன் நோக்கம். அச்சத்துடன் வரும் குழந்தைகளின் மனம் இலகுவாக, காத்திருக்கும் அறையின் சுவரில் கதைக் காட்சிகள் பொறித்த ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன.

அதே காலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவத்தில் ஒரு புதிய போக்கு தோன்றியிருந்தது. கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பிரட் போன்ஸ் என்ற பல் மருத்துவர், பள்ளிச் சிறுவர்களின் பற்களைச் சுத்தம் செய்யவும் பல் துலக்கும் முறையைக் கற்பிக்கவும் தனியாகப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1913 இல் அவர் தொடங்கிய இம்முயற்சியைத் தொடர்ந்து, போர்சித் மருத்துவமனையும் 1916 இல் இத்தகைய பயிற்சிப் பள்ளியொன்றை நடத்த முற்பட்டது. சொத்தை விழுந்த பல்லை அடைப்பதைவிட, சொத்தை விழாமல் தடுப்பதே மேல் என்ற கருத்து வலுப்பெற்று வந்த இடத்தில், அது வலுப்பெற்ற ஆண்டுகளிலேயே அகமது பணியாற்றினார் என்பது குறிப்பிடத்தக்கது.

அக்கால இந்தியாவில் பல் நலம்

இந்தியாவில் பல் துலக்கும் வழக்கம் மிகப் பழமையானது. தமிழகத்தில் ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி ஆகியவை பல் துலக்கப் பயன்பட்டன. உப்பு, சாம்பல், கரித்தூள் ஆகியவற்றைக் கொண்டு விரலால் தேய்ப்பதும் உண்டு. ஆனால் இவையனைத்தும் பெரும்பாலும் காலைக் கடன்களாகவே இருந்தன. உறங்கப் போகுமுன் பல் துலக்குவது பரவலான வழக்கமாக இருக்கவில்லை.

பல் நோயுற்றபோது நாவிதர்களும் ஊர் ஊராகச் சென்று பல் பிடுங்குவோரும் மட்டுமே பெரும்பான்மை மக்களுக்கு எட்டினர். கல்கத்தா, பம்பாய், சென்னை போன்ற பெருநகரங்களில் அயல்நாட்டில் பயின்ற சில பல் மருத்துவர்கள் இருந்தனர். அவர்களது சிகிச்சை வசதி படைத்தோருக்கே கிட்டியது. பல் மருத்துவத்தை ஒரு தனித்துறையாகக் கற்க விரும்பிய இந்திய மாணவர் கடல் கடந்து செல்வதைத் தவிர வேறு வழியில்லை. பால் பற்கள் எப்படியும் விழப்போகின்றன, அவற்றுக்கு வைத்தியம் எதற்கு என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. இவ்வெண்ணம் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை.

கல்லூரியின் தோற்றம்

அகமது 1919 இல் இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டே, 1920 இல், கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இதற்கு அரசின் நிதியுதவி கிடைக்கவில்லை. கல்லூரியை நடத்துவதற்கான பணத்தைத் திரட்ட அவர் 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்ற பெயரில் ஐஸ்கிரீமும் சோடா பானங்களும் விற்கும் கடையொன்றை நகரில் நடத்தினார். அக்கடையின் வருவாயே கல்லூரிக்கு ஆதாரமாக இருந்தது. பற்சிதைவுக்குக் காரணமாகும் சர்க்கரைப் பண்டங்களின் விற்பனையைக் கொண்டே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி வளர்ந்தது என்பது அதன் வரலாற்றில் ஒரு சுவையான முரண்.

தொடக்கத்தில் ஓராண்டுப் பயிற்சியாக இருந்த படிப்பு, படிப்படியாக நீட்டிக்கப்பட்டு நான்காண்டுப் படிப்பாக உயர்ந்தது. அகமது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கல்லூரியின் முதல்வராக இருந்தார். இக்கல்லூரிக்குப் பின்னரே பம்பாயில் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரி (1933), லாகூரில் டி மாண்ட்மொரன்சி பல் மருத்துவக் கல்லூரி ஆகியவை தோன்றின.

1949 ஆம் ஆண்டில் அகமது தமது கல்லூரியை மேற்கு வங்காள அரசிடம் ஒப்படைத்தார். அது இன்று டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி மற்றும் மருத்துவமனை என அவர் பெயரிலேயே இயங்கி வருகிறது.

கல்லூரியின் பழைய மாணவர்களுள் பாத்திமா ஜின்னா குறிப்பிடத்தக்கவர். முகமது அலி ஜின்னாவின் தங்கையான இவர், இங்கே பயின்று 1923 இல் பம்பாயில் பல் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். பெண்கள் தொழிற்கல்வி பெறுவது அரிதாக இருந்த அக்காலத்தில் இது ஒரு முன்னோடி நிகழ்வாகும்.

நூல், இதழ், சங்கம்

ஒரு துறை நிலைபெறக் கல்லூரிக் கட்டடம் மட்டும் போதாது. கற்பிக்க நூல் வேண்டும், கருத்துப் பரிமாற இதழ் வேண்டும், தொழில் செய்வோர் கூடச் சங்கம் வேண்டும், போலிகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும். இந்நான்கிலும் அகமதின் பங்கு உள்ளது.

* சங்கம்: 1925 இல் வங்காளப் பல் மருத்துவச் சங்கத்தை நிறுவினார். பின்னர் தோன்றிய அனைத்திந்திய அமைப்பிற்கு இதுவே வித்தாக அமைந்தது. அனைத்திந்தியப் பல் மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் அவர் இருந்தார்.
* இதழ்: அதே 1925 இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி, 1946 வரை அதன் ஆசிரியராக இருந்தார்.
* நூல்: சொத்தையை அகற்றிப் பல்லை அடைக்கும் சிகிச்சை முறைகள் பற்றி மாணவர்களுக்கான கையேடு ஒன்றை 1928 இல் வெளியிட்டார். பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் கலையைப் பற்றியதாக இந்நூல் அமைந்தது.
* சட்டம்: 1939 இல் வங்காளப் பல் மருத்துவர் சட்டம் உருவாவதில் முக்கியப் பங்காற்றினார். பல் மருத்துவத் தொழிலை முறைப்படுத்த இந்தியாவில் எழுந்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று.

1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம்

விடுதலைக்குப் பின் இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948 இல் நிறைவேறியது. அதன்படி 1949 இல் இந்தியப் பல் மருத்துவக் கழகம் அமைக்கப்பட்டது. மாநிலந்தோறும் பல் மருத்துவர்களின் பதிவேடு தொடங்கப்பட்டது.

இப்பதிவேடு இரு பகுதிகளைக் கொண்டிருந்தது. முறையான பட்டம் பெற்றோர் முதற்பகுதியில் இடம்பெற்றனர். பட்டம் இல்லாவிடினும், சட்டம் வருவதற்கு முன்பே குறிப்பிட்ட காலம் இத்தொழிலையே வாழ்வாதாரமாகக் கொண்டிருந்தோர் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்டனர். பழைய தொழிலாளரின் பிழைப்பைப் பறிக்காமலும், அதே வேளையில் இனிமேல் பட்டமின்றி எவரும் புதிதாக நுழையாமலும் இருக்க இவ்வேற்பாடு செய்யப்பட்டது. ஒரு குழந்தையின் வாயில் கருவியை வைப்பவர் கற்றறிந்தவரா என்பதைப் பெற்றோர் பதிவேட்டைப் பார்த்து அறியும் நிலை இச்சட்டத்தால் உருவானது. பிற்காலத்தில், இச்சட்டத்தின் இடத்தில் புதிய ஒழுங்குமுறையைக் கொண்டுவரும் நோக்கில் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023 இல் இயற்றப்பட்டது.

அரசியல் வாழ்க்கை

அகமது 1932 முதல் 1936 வரை கல்கத்தா மாநகராட்சி உறுப்பினராகவும், 1942 முதல் 1944 வரை அதன் மூத்த உறுப்பினராகவும் (ஆல்டர்மேன்) இருந்தார். 1947 இல் வங்காளம் பிரிக்கப்பட்டபோது அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. அவரோ தாம் கல்லூரி கட்டிய கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார்.

1950 ஆம் ஆண்டு முதல் பிதான் சந்திர ராய் தலைமையிலான மேற்கு வங்காள அமைச்சரவையில் இடம்பெற்றார். ராயும் ஒரு புகழ்பெற்ற மருத்துவரே. வேளாண்மை, சமூக வளர்ச்சி, கூட்டுறவு, துயர்துடைப்பு மற்றும் மறுவாழ்வு முதலிய துறைகளை அகமது கவனித்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் வந்து சேர்ந்த காலத்தில், அதே மண்ணில் பிறந்த ஒருவர் அவர்களின் மறுவாழ்வுக்கான பொறுப்பில் இருந்தார். 1962 வரை அவர் அமைச்சராக நீடித்தார்.

சிறப்புகளும் மறைவும்

1947 இல் பன்னாட்டுப் பல் மருத்துவர் கல்லூரியின் உறுப்பினர் தகுதியும், 1949 இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவில் உறுப்பினர் தகுதியும் அகமதுக்கு வழங்கப்பட்டன. 1964 இல் இந்திய அரசு பத்ம பூஷண் விருது அளித்தது.  1965 பெப்ரவரி 9 அன்று அவர் காலமானார். அவர் நினைவாக இந்தியப் பல் மருத்துவச் சங்கம் 1977 இல் நினைவுச் சொற்பொழிவு ஒன்றை ஏற்படுத்தியது.

சென்னை மாகாணமும் தமிழ்நாடும்

கல்கத்தாவில் கல்லூரி தோன்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே தமிழகத்தில் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது. 1953 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாக அது தொடங்கப்பட்டது. அதுவே இன்று தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. குழந்தைப் பல் மருத்துவம் பின்னர் தனித்துறையாக வளர்ந்து, அதற்கான அனைத்திந்தியச் சங்கம் 1979 இல் உருவாயிற்று.

இதற்கு முன்பே குழந்தைகளின் பற்களைப் பற்றிய ஒரு முக்கியமான ஆய்வு சென்னையிலிருந்து வெளிவந்தது. சென்னைக்கு வடக்கே கும்மிடிப்பூண்டியைக் கடந்தால் ஆந்திரப் பிரதேச எல்லை வருகிறது. அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டம் அங்கிருந்தே தொடங்கியது. அம்மாவட்டத்தின் சில பகுதிகளில் மக்களின் பற்களில் பழுப்பு நிறக் கறைகளும், வயது முதிர்ந்தோரிடம் எலும்பு இறுக்கமும் காணப்பட்டன. கிண்டியிலுள்ள கிங் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹென்றி எட்வர்ட் ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். இராகவாச்சாரி ஆகியோர் இதனை ஆராய்ந்து, கிணற்று நீரில் மிகுந்திருந்த புளோரைடே காரணம் என 1937 இல் வெளியிட்டனர். இந்தியாவில் புளோரைடு மிகையால் வரும் நோயைப் பற்றிய முன்னோடி ஆய்வு இது.

நிலைப்பற்களின் எனாமல் குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில் ஈறுக்குள்ளேயே உருவாகிறது. அப்போது மிகையான புளோரைடு உடலில் சேர்ந்தால் பின்னர் முளைக்கும் பற்களில் கறை நிலைத்துவிடும். தமிழகத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் இச்சிக்கல் உண்டு. மாறாக, பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு படும் புளோரைடு எனாமலை வலுப்படுத்திச் சொத்தையைத் தடுக்கிறது. ஆகவே குழந்தைகளுக்குப் பற்பசையை முற்றாக விலக்குவதும் தவறு, தாராளமாகப் பிதுக்கித் தருவதும் தவறு. அளவே இங்கு முக்கியம்.

குழந்தைகளின் பல் நலமும் உறங்கு நேரப் பழக்கமும்

அகமது பாஸ்டனில் கண்ட தடுப்பு முறைப் பல் மருத்துவம் கடந்த நூறாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. இன்று குழந்தைப் பல் மருத்துவர்கள் பெரிதும் வலியுறுத்துவது இரவுப் பழக்கத்தையே. அதற்கான காரணங்கள் வருமாறு:

* வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைக்கிறது. பகலில் உமிழ்நீர் இதனை நீர்க்கச் செய்து பல்லைக் காக்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு வெகுவாகக் குறைவதால் அப்பாதுகாப்பு இல்லாமற் போகிறது.
* பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு, பால் இரவு முழுவதும் பற்களைச் சூழ்ந்து நிற்கிறது. சர்க்கரை கலந்த பாலானால் கேடு மிகுதி. இதனால் மேல் முன்பற்களில் தொடங்கும் சொத்தை விரைந்து பரவுகிறது.
* பால் பற்கள் மொத்தம் 20. இவை ஏறத்தாழ 6 ஆம் மாதத்தில் முளைக்கத் தொடங்கி இரண்டரை வயதளவில் நிறைவு பெறுகின்றன. இவை பின்னர் வரும் நிலைப்பற்களுக்கு இடம்பிடித்து வைக்கின்றன. முன்னதாகவே பிடுங்கப்பட்டால் நிலைப்பற்கள் கோணலாக முளைக்கக்கூடும்.
* ஏறத்தாழ 6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதைப் பால் பல் என்று தவறாகக் கருதிக் கவனிக்காமல் விடும் பெற்றோர் பலர். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல் இது.

இவற்றின் அடிப்படையில் கடைப்பிடிக்க வேண்டியவையாகப் பரிந்துரைக்கப்படுபவை:

* முதல் பல் முளைத்த நாள் முதல், காலையிலும் உறங்கப் போகுமுன்னும் மென்மையான பல்துலக்கியால் பல் துலக்குதல்.
* 3 வயது வரை ஓர் அரிசி மணி அளவும், 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவும் மட்டுமே புளோரைடு பற்பசை பயன்படுத்துதல். நுரையைத் துப்பக் கற்றுக்கொடுத்தல்.
* 7 அல்லது 8 வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிடுதல் அல்லது உடனிருந்து பார்த்தல்.
* இரவு துலக்கிய பின்னர் தண்ணீர் தவிர வேறெதுவும் தராதிருத்தல்.
* ஒரு வயது நிறைவதற்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுதல்.

பால் அருந்துதல், பல் துலக்குதல், கதை கேட்டல், உறங்குதல் என்ற வரிசை நாள்தோறும் மாறாமலிருந்தால் குழந்தை அதனை எளிதில் ஏற்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் பெற்றோர் முறைமாற்றி இரவுப் பணிக்குச் செல்வதுண்டு. அத்தகைய வீடுகளில் குழந்தையைப் படுக்க வைப்பவர் ஒரு நாள் தாய், ஒரு நாள் தந்தை, ஒரு நாள் பாட்டி என மாறலாம். யார் படுக்க வைத்தாலும் வரிசை மாறாதிருப்பதே பயன் தரும்.

மதிப்பீடு

அகமது தொடங்கிய ஒரே கல்லூரியின் இடத்தில் இன்று இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆயினும் பெரும்பாலான குழந்தைகள் வலி வந்த பின்னரே பல் மருத்துவரிடம் அழைத்து வரப்படுகின்றனர். மருத்துவர் இல்லாத குறையை அகமதின் தலைமுறை பெருமளவு தீர்த்தது. வலி வருமுன் காக்கும் பழக்கம் வீடுகளில்தான் உருவாக வேண்டியுள்ளது.

கால வரிசை

* 1890 - கிழக்கு வங்காளத்தில் பிறப்பு
* 1908 - அலிகாரில் பட்டம்
* 1915 - அயோவாவில் பல் மருத்துவப் பட்டம்
* 1918 வரை - பாஸ்டன் போர்சித் சிறுவர் பல் மருத்துவமனையில் பணி
* 1919 - இந்தியா திரும்புதல்
* 1920 - கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி
* 1925 - வங்காளப் பல் மருத்துவச் சங்கம், இந்தியப் பல் மருத்துவ இதழ்
* 1928 - மாணவர் கையேடு
* 1939 - வங்காளப் பல் மருத்துவர் சட்டம்
* 1949 - கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தல்
* 1950 - 1962 - மேற்கு வங்காள அமைச்சர்
* 1964 - பத்ம பூஷண்
* 1965 - மறைவு

இவற்றையும் பார்க்க

* பற்சிதைவு
* பால் பற்கள்
* புளோரைடு
* பாத்திமா ஜின்னா
* தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி